பாரம் இறக்கும்போது வருகிற சொல்

“தம்பி, நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. போனை யூட்டிட்டக் குடுங்கோ” என்று றீற்றா மூன்றாவது தடவையும் சொன்னாள். அவளுடைய மகன் யூட், அந்தப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, கடற்பாசி காயவைக்கும் கொட்டகைக்குப் பின்னால், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்தும் தண்ணீர் சொட்டுகிற ஏப்ரனுமாக நின்றுகொண்டு, நான்தானம்மா, நான்தான் யூட், என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்; திறந்த வாயிலிருந்து வந்ததோ முழுக்க முழுக்கக் கொரிய மொழி, அதுவும் முப்பது வயதைத் தாண்டின ஒருவனுடைய கரகரத்த குரலில், அவன் வேலை செய்கிற தீவுக்காரருக்கே உரிய இழுவையோடு. ஊரில், பேசாலை வீட்டு அடுப்படியில் நின்ற றீற்றாவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கினது ஒன்றுதான்: மகனுடைய போனை ஆரோ ஒரு ஆம்பிளை வைத்திருக்கிறான். பிள்ளைக்கு ஒன்றும் செய்துபோடாதேங்கோ, அவனுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம், என்று கெஞ்சிவிட்டு வைத்தாள்.

இது ஒரே நாளில் வந்த கேடில்லை. யூட் கொரியாவுக்கு வந்து அப்போது ஐந்து மாதம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன்; ஏன் விட்டாய் என்று பங்குத் தந்தையே கேட்டபோதும், அலுப்படிச்சது ஃபாதர், என்று நேரே சொன்னவன். கொரியாவில் வேலைக்குப் போக ஒரு மொழிப் பரீட்சை இருந்தது. அதை எப்படியோ பாடமாக்கிப் பாஸ் பண்ணினான், பாஸ் பண்ணின கையோடு மறந்தும் போனான். வகுப்பெடுத்த மாஸ்ரர் அதற்குக் கவலைப்படவில்லை. அங்கேயும் அப்பாவை அப்பா என்றுதான் சொல்லுவினம், அம்மாவை ஒம்மா என்பினம், ஐயோ என்பதை ஐகோ என்பினம், அரைவாசி மொழி உங்கட வாயிலை ஏற்கெனவே கிடக்கு, மிச்சத்துக்கு அங்கை போய் முழுகி எழும்புங்கோ, தன்ரபாட்டுக்கு வரும், என்று சொல்லி அனுப்பினார். மாஸ்ரர் பகிடிக்குச் சொன்னார்.

தென்கரையிலிருந்து மூன்று மணி நேரம் கப்பலில் போனால் வருகிற தீவு அது. அறுபது வீடு, அதில் பாதி பூட்டு, ஒரு படகுத்துறை, ஒரு ஊர் மண்டபம், ஒரு சுகாதார நிலையம், சுற்றிவரக் கடலில் பாய் விரித்த மாதிரிப் பாசி வலைகள். பேக் என்பவர்தான் யூட்டின் முதலாளி. அறுபத்திரண்டு வயது, கட்டையான ஆள், காலையிலிருந்து மாலைவரை பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டார். அவருடைய மனைவியை ஊர் முழுக்கத் தேசிக் அம்மா என்று கூப்பிட்டது. தேசிக் அவர்களுடைய ஒரே மகன். நாலு வருஷத்துக்கு முன்னால் தை மாதத்துக் காற்றில் பாசி வெட்டப் போன படகு திரும்பி வந்தது, தேசிக் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் சடங்கும் செய்யவில்லை, அவனுடைய அறையில் யூட்டைப் படுக்கவிட்டார்கள், அவனுடைய சப்பாத்து யூட்டின் காலுக்கு அரை அங்குலம் பெரிதாக இருந்தது.

வேலை இதுதான்: படகு நிறைய வருகிற ஈரப் பாசியைச் சாக்கில் அள்ளி, சாக்கைத் தோளில் ஏற்றி, துறையிலிருந்து லொறிக்குக் கொண்டுபோய் இறக்கிவைப்பது. பேசாலைக் கரையில் பாரம் தூக்குகிற எவனைக் கேட்டாலும் தெரியும், பாரத்தை இறக்கி வைக்கும்போது வாயிலிருந்து ஒரு சொல் தானாக விழும். “அப்பா…” அதில் அப்பனுமில்லை ஆத்தாளுமில்லை, முதுகெலும்பு விடுகிற மூச்சு அது, அவ்வளவுதான். உண்மையைச் சொல்லப்போனால் யூட்டின் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலையே இருந்ததில்லை. அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவனுடைய தகப்பன் மரியசீலன் சண்டைக்குள் காணாமல் போனவர். கூப்பிட ஆளில்லாத சொல்லை வேறு எங்கே பாவிப்பது? சாக்குக்குப் பாவித்தான்.

முதல் வாரம் முழுக்கச் சாக்கை இறக்கும்போதெல்லாம் அப்பா, அப்பா என்று சொன்னான். பேக் முதலாளி திரும்பவில்லை. இரண்டாம் வாரம், லொறிக்கு மறுபக்கம் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓன்யா” என்றார். பெற்றவர்கள் பிள்ளை கூப்பிட்டால் சொல்லுகிற பதில் அது. என்னடா, இஞ்சதான் நிக்கிறன், என்பது மாதிரி. யூட்டுக்கு அது தெரியாது, இருமினார் என்று நினைத்தான். அடுத்த சாக்குக்கும் இருமினார். அதற்கடுத்த நாளிலிருந்து சாக்குகள் லேசாக வரத் தொடங்கின. முதலாளிதான் அரைச் சாக்காக அள்ளிக் கட்டினார், அரைச் சாக்கென்றால் இரண்டு மடங்கு சாக்கு, இரண்டு மடங்கு இறக்கிவைப்பு. யூட் அதை இரக்கம் என்று நினைத்து மனதுக்குள் நன்றி சொன்னான்.

கார்த்திகை மாதம் முடியும்போது அவனுக்கு மொழி வரத் தொடங்கியது, வந்த மாதிரிதான் சரியில்லை. வெளிநாடு போனவர்களுக்கு மொழி கடையில், வேலைத்தளத்தில், ரீவியில் கேட்டுக் கேட்டு வரும். இவனுக்குக் கேட்காமலே வந்தது, காலையில் எழும்பினால் வாய்க்குள் உப்புக் கரித்தது, வாய் கொப்பளிக்கும்போது ஒரு புதுச் சொல் நாக்கில் கிடந்தது. கத்திக்கான சொல் வந்த அன்று அந்தக் கத்தி எந்தப் பாறைக்குக் கீழே விழுந்து கிடக்கிறது என்பதும் கூடவே வந்தது. போய்க் கைவிட்டுத் துழாவினான், கிடந்தது, துருப்பிடித்து, பிடியில் தேசிக்கின் பெயரோடு. மழைக்கான சொல் வந்த அன்று எவளோ ஒருத்தியோடு ஒரு குடைக்குள் நடந்த நினைவு வந்தது, அவளுடைய முடி வாசம்கூட வந்தது. யூட் பத்தொன்பது வயதுவரை ஒருத்தியோடும் குடைக்குள் நடந்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் வந்து இருக்க இடம் வேண்டுமே, அதற்காகத் தமிழ்ச் சொல் ஒன்று எழும்பி இடம் விட்டது. முதலில் சோறு போனது. பிறகு வெயில், மூக்கு, நாளைக்கு. மறந்துபோகவில்லை, மண்டைக்குள் எல்லாம் இருந்தது, எழுதச் சொன்னால் எழுதினான். வாய்தான் அதைத் தூக்க மறுத்தது. மார்கழியில் குரல் உடைந்தது. மீசை முளைக்கிற வயதில் ஒருதரம் உடைந்த குரல் இன்னொருதரம் உடைந்து, உடைந்த இடத்தில் தேசிக்கின் குரல் வந்து உட்கார்ந்தது.

ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முதலில் கேட்டவள் கடைக்காரி. யூட் பற்பசை கேட்டான், அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு, “கன நாளாக் காணேல்லை” என்றாள், மிச்சச் சில்லறையைக் கையில் வைத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். கட்டாய சேவைக்கு வந்திருந்த இளம் டொக்டர் ரோச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, தொண்டையில் ஒரு பிழையுமில்லை, குரல்தான் வேறாளுடையது, அதற்கு மருந்து வருவதில்லை, என்று சொல்லி, வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று எலுமிச்சை டொபி நாலு கொடுத்தார். பெருநிலத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளரைப் பார்க்க வந்த அதிகாரி இவனோடு கால் மணி நேரம் கதைத்து மகிழ்ந்து, இவ்வளவு வேகமாக மொழி படித்தவனைத் தான் கண்டதில்லை, கிராமத்து வாடைதான் சற்றுத் தூக்கல், என்று குறிப்பெழுதிக்கொண்டு போனார்.

பிறகு ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஆவி, பேய், அதிசயம் என்ற பேச்சே அங்கே எழவில்லை, எழுந்ததெல்லாம் வேறு சிக்கல்: இவனை எப்போது எந்தப் பெயரால் கூப்பிடுவது, மண்டபத்தில் எந்தப் பாயில் இருத்துவது, வயதில் குறைந்தவன் என்று பேசுவதா கூடினவன் என்று பேசுவதா. ஒருவர், முகத்தைப் பார்த்துப் பேசினால் தம்பி, முதுகைப் பார்த்துப் பேசினால் அண்ணன், என்றார். அதற்குக் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். கடைசியில் ஊர்த் தலைவர் முடிவு சொன்னார். வேலை நேரத்தில் அவன் யூட், ஏனென்றால் காப்புறுதிக் கடதாசி அந்தப் பெயரில்தான் இருக்கிறது; வேலை முடிந்து கால் கழுவின பிறகு தேசிக். எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. யூட்டைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, கேட்டிருந்தாலும் தேசிக்கின் குரல்தான் பதில் சொல்லியிருக்கும்.

அதற்குப் பிறகு வேலை முடிந்த கையோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முடிவெட்டுகிறவள் கூப்பிட்டு இருத்தி, தேசிக்குக்கு வெட்டுகிற மாதிரி பிடரியில் கட்டையாக வெட்டிவிட்டாள். காலையில் ஊருக்கு ஒலிபெருக்கியில் காற்றும் கப்பல் நேரமும் வாசிக்கிற வேலை தேசிக்குடையதாக இருந்தது, நாலு வருஷமாகத் தலைவரே இருமி இருமி வாசித்தவர், இப்போது தாளை யூட்டிடம் நீட்டினார். அந்தக் குரல் கூரைகளுக்கு மேலாகப் போனபோது முதல் நாள் மூன்று வீடுகளில் கோப்பை விழுந்து உடைந்தது, இரண்டாம் நாள் ஒன்றும் உடையவில்லை, மூன்றாம் நாள் ஒரு கிழவர் சத்தம் காணாது என்று குறை சொன்னார். கப்பல் ரிக்கற் விற்கிற மன்சொக் மட்டும் இவனைக் கண்டால் ஜன்னலைச் சாத்தினான். அன்றைக்குத் தேசிக்கோடு படகில் போய்த் திரும்பி வந்தவன் அவன்தான். ஒரு பின்னேரம் தானாகவே வந்து, வாசலில் நின்று, நான் கயிற்றை விட்டது உனக்குத் தெரியுமா, என்று கேட்டான். யூட்டுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாய் திறந்து, “உன்ர கை விறைச்சுப் போச்சுது, எனக்குத் தெரியும்” என்றது. மன்சொக் அந்த வாசலிலேயே குந்தி இருந்து, விறைத்த கையைச் சூடு பண்ணுகிறவன் மாதிரி இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்து அழுதான். மன்னிப்புக் கொடுக்க நான் ஆர், என்று யூட்டுக்கு எரிச்சலாக வந்தது. அழுகிறவனைக் கண்டால் அவனுக்கு எப்போதுமே எரிச்சல்தான் முதலில் வரும்.

தேசிக் அம்மா ஒருத்திதான் இதில் சேரவில்லை. சோறு போடுவாள், குரல் வந்தால் வேறு பக்கம் பார்ப்பாள். மண்டபத்துப் பெண்கள் அவளைச் சீண்டினார்கள். பெத்தது நீ, பொடியன் நாள் முழுக்க அப்பா அப்பா எண்டு அந்தாளைத்தானே கூப்பிடுறான், கட்சி மாறிட்டான் போல, என்றார்கள். அது அவளுக்கு உள்ளே இறங்கிவிட்டது. பாரம் இறக்கினால் அப்பா, அப்படியென்றால் அம்மா எதற்கு? துறையில் நின்ற ஒருவர் ஏதோ பேச்சில் சொன்னார், பொடியனுக்கு நண்டு கடிச்சது, அப்ப ஒம்மா எண்டு கத்தினான். நாலு நாள் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேசைக்கு சூப் கொண்டு வந்தவள், தடுக்கி விழவில்லை, கை வழுக்கவில்லை, நின்று, யூட்டின் வலது பாதத்தைப் பார்த்து, ஒரு அகப்பை கொதிக்கிற சூப்பை அதன் மேல் ஊற்றினாள்.

“அம்மா!”

அது தேசிக்கின் குரல் இல்லை. பத்தொன்பது வயதுக் குரல், மெல்லிசு, இரண்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காதது. தேசிக் அம்மா, ஓ, என்று பதில் சொல்லிவிட்டாள், சொன்ன வாய் மூடவில்லை; ஆருடைய பிள்ளைக்குப் பதில் சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பனிக்கட்டி வைத்தாள், மருந்து பூசினாள், துணி சுற்றினாள். வேண்டுமென்று செய்தாயா என்று யூட்டும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது?

மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் போன்; குரல் உடைந்ததிலிருந்து அவன் அம்மாவுக்கு எழுதித்தான் சமாளித்திருந்தான். றீற்றா கெஞ்சிவிட்டு வைத்த பிறகு யூட் வட்ஸ்அப்பில் தமிழிலேயே, அம்மா நான்தான், குரல் மாறிப் போச்சு, பயப்பிடாதேங்கோ, என்று எழுதினான். ஆரோ தமிழ் தெரிஞ்சவனும் அவங்களோட சேர்ந்து நிக்கிறான் போல, என்று அவள் இன்னும் பயந்தாள். அவன் நொண்டி நொண்டி வீட்டுக்குள் வந்து, அடுப்படி வாசலில் நின்று, தேசிக் அம்மாவிடம், அவளுடைய மகனுடைய குரலிலேயே, “என்ர அம்மாவுக்கு என்னைத் தெரியேல்லை” என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குப் போனைத் திருப்பி எடு, என்றாள். அவனைத் தரையில் இருத்தி, வலது காலைத் தன் மடியில் வைத்து, துணியை அவிழ்த்தாள். புண் நீர் கோர்த்துக் கிடந்தது. போனில் மணி போனது, றீற்றா எடுத்து, ஹலோ, ஆர், என்றாள். தேசிக் அம்மா அவனுடைய முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பெருவிரலால் புண்ணை அழுத்தினாள்.

“அம்மா!”

“ஓம் ராசா” என்று பேசாலையிலிருந்து ஒருத்தி சொன்னாள். ஓ, என்று பக்கத்தில் இருந்து ஒருத்தி சொன்னாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, எது முந்தியது என்று யூட்டால் சொல்லமுடியாது. தேசிக் அம்மா காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழும்பிப் போய், நாலு வருஷமாகக் கூப்பிட மறுத்த ஆளைப் போனில் கூப்பிட்டாள்.

வந்தவள் ஒரு மூதாங், கடலில் போனவர்களுக்குச் சாமியாடிச் சடங்கு செய்கிறவள். நாற்பது வயதிருக்கும், வாத்து இறகு அடைத்த பெரிய ஜக்கெற், சின்ன லொறி ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கினாள், மத்தளமும் வெள்ளைத் துணிச் சுருளும் பின்னால் கிடந்தன, அடுத்த தீவில் நாளை மறுநாள் இன்னொரு சடங்கு இருக்கிறதென்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். யூட்டுக்கு அவளைப் பிடித்தது, சுற்றி வளைக்காத ஆள்.

“நீ கூப்பிட்டாய், அவன் வந்தான். இதில அவனிலயும் பிழையில்லை, உன்னிலயும் பிழையில்லை. ஆனா உன்ர பாஷையில கூப்பிட்டது, உன்ர பாஷையிலதான் அனுப்பவேணும்.”

அவள் சொன்ன முறை இதுதான். பித்தளைக் கிண்ணத்தில் அரிசி போட்டு, துணியால் சுற்றி, நீளத் துணியில் கட்டிக் கடலுக்குள் விடுவார்கள். தகப்பன், மகனுடைய பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடவேண்டும். முதல் இரண்டுக்கும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். மூன்றாவதற்கு யூட் தன் மொழியில், அவன் இல்லை, என்று சொல்லவேண்டும். அதோடு தேசிக் வாயை விட்டு இறங்கிக் கிண்ணத்துக்குள் போய்விடுவான், தூக்கிப் பார்த்தால் அரிசிக்குள் ஒரு தலைமுடி இருக்கும், அதை வைத்து உடலுக்குச் செய்கிறதெல்லாம் செய்யலாம். சொல்லாவிட்டால்? இந்தப் பருவத்துப் பாசி வெட்டி முடிகிற நேரம் நோவில் கத்துகிற சொல்கூட யூட்டினுடையதாக இருக்காது, என்றாள். உன்ர பாஷையில அதுக்கு எத்தினை சொல், என்று கேட்டாள். யூட் இரண்டு விரலைக் காட்டினான். ரெண்டுதானே, பத்திரமா வச்சிரு, என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

பேக் முதலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கூப்பிடுறன், என்றார். அன்றைக்கு அவருக்கு அந்த ஒரு சொல்தான் செலவு. மறுநாள் பாசி வெட்டப் போகவேண்டாம் என்று சொல்லியும் விடியப் போய், ஒரு படகு பாசி கொண்டு வந்து, அரைச் சாக்குமில்லாமல் கால் சாக்குகளாகக் கட்டித் துறை முழுக்க அடுக்கி வைத்தார். யூட் நொண்டியபடியே அத்தனையையும் தூக்கினான். அத்தனை தடவையும் அவர் ஓன்யா என்றார்.

சடங்கன்று காலை றீற்றா போன் எடுத்தாள். அவள் பேச, அவன் எழுத, இப்போது இப்படித்தான் கதைத்தார்கள். நடக்கப்போவதை முதல் நாளே எழுதியிருந்தான். அவள் அழவில்லை, அடுப்படியில் ஏதோ கிண்டுகிற சத்தம் கேட்டது, ஊர்ப் புதினம் இரண்டு சொன்னாள், பிறகு, “அந்த மனிசி சொன்னதைச் சொல்லிப்போடு ராசா” என்றாள்.

எந்தச் சொல், என்று எழுதினான். எழுதினதற்குக் காரணமில்லை, சும்மா, அவளுடைய வாயில் தமிழைக் கேட்க ஆசையாக இருந்தது.

“அதுதான். உனக்குத் தெரியுந்தானே.”

சொல்லுங்கோ அம்மா, என்று எழுதினான்.

கிண்டுகிற சத்தம் நின்றது. “ரெண்டு சொல்லெண்டு நீதானே எழுதினனீ. அதைச் சொல்லு. நீயும் போனா நான் எத்தினை படத்தைத் தூக்கிறது?”

பதினாறு வருஷமாக அவள் மரியசீலனின் படத்தைத் தூக்கிக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடுகிற மற்ற மனிசிமாரோடு தெருக்கரையில் போய் நிற்கிறவள். படத்துக்கு ஒருநாளும் மாலை போட்டதில்லை. புருஷன் இருக்கிறாரா என்று புதிதாக வந்த ஆராவது கேட்டால், வருவார், என்பாள். மரணச் சான்றிதழ் எழுதித் தருகிறோம் என்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள், தாளைத் தொடவில்லை. அரிசி முடிந்தால்கூட அவள் அரிசி முடிஞ்சுது என்பாள், சீனி வாங்கவேணும் என்பாள். போன் வைத்த பிறகு யூட் கட்டிலில் இருந்து யோசித்துப் பார்த்தான், அந்த வீட்டில், எதைப் பற்றியுமே, இல்லை என்ற அந்தச் சொல்லை அம்மா சொல்லி அவன் கேட்டதில்லை. தன்னுடைய பிள்ளை தனக்குத் திரும்பிக் கிடைக்கும் என்று தெரிந்தும் இன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு, வற்றுக் கடலில், ஊர் முழுக்கத் துறையில் நின்றது. மன்சொக் ரிக்கற் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்திருந்தான். டொக்டர் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றார். மூதாங் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுத்திருந்தாள், மத்தளம் அடித்தாள், ஆடினாள், ஆடுகிறபோது மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கிண்ணம் போனது. நீளத் துணி பேக் முதலாளியின் கைக்குள்ளால் வழுகி வழுகிப் போய், அடி தட்டினதும் நின்றது.

“தேசிகா” என்று கூப்பிட்டார் முதலாளி. பெயரின் கடைசியில் ஆ என்று இழுத்துக் கூப்பிடுவது அங்கேயும் உண்டு. ஆறு மாதத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லி யூட் கேட்டதில்லை, பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இவ்வளவு நாளும் ஒருதரமும் தானாகக் கூப்பிடவில்லை. கடல் சும்மா கிடந்தது. தேசிக் அம்மா தன் கணவனைப் பார்க்காமல் யூட்டின் புண் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தேசிகா.”

யூட்டின் வாய்க்குள் உப்புக் கரித்தது. நாக்கைப் புரட்டிப் பார்த்தான். இரண்டு சொல்லும் இருந்தன. சோறு போய், வெயில் போய், நாளைக்கு போய், தன் பெயரைச் சொல்லக்கூட வழியில்லாமல் போன வாயில், அந்த இரண்டும் மட்டும் ஒரு சேதமுமில்லாமல், தன்னுடைய சொந்தக் குரலில், உதட்டைத் திறந்தால் விழுகிற இடத்தில் இருந்தன.

“தேசிகா” என்று மூன்றாம் தடவை கூப்பிட்டார் முதலாளி. கூப்பிட்டவர் கடலைப் பார்க்கவில்லை, திரும்பி நின்று யூட்டைப் பார்த்தார், இப்போது வரப்போவது என்ன என்று தெரிந்த முகம், தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் தாளைத் தொடாமல் நிற்கிறவளின் முகம் மாதிரி, கெஞ்சவுமில்லை, மறிக்கவுமில்லை. மூதாங் மத்தளக் கோலால் யூட்டின் முதுகில் மெல்லத் தட்டினாள். சொல்லு, என்றாள். மன்சொக் சொல்லு என்றான். இரண்டு சொல்தானே, உன்ர அம்மா காத்திருக்கிறாள், சொல்லு, என்று தேசிக் அம்மா அவனுடைய கையைப் பிடித்து உலுப்பினாள்.

யூட் வாயைத் திறக்கவில்லை.